‘மீ மை?’ என்று கேட்டால் ‘மை மீ’ என்பார்கள்: வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு வேண்டிய சொற்கள்

வெளிநாட்டுச் சுற்றுலா பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாஸ்போர்ட், விசா, பண மாற்று எல்லாம் இருந்தன. இந்த இதழுக்கு மொழி தொடர்பான கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். அந்தந்த ஊர்ச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். தமிழ் எழுத்தில் அடங்காத ஒலி வரும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: ஆறு நாள் பயணமாகக் குடும்பத்தோடு தாய்லாந்து போகிறோம். ஐந்நூறு வாக்கியம் கொண்ட ஒரு சொற்றொடர்ப் புத்தகத்தைப் போனில் இறக்கி வைத்திருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகி, பாலக்கோடு)

புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். ஆறு நாளுக்கு இருபது சொல் போதும். அந்த இருபதில் பாதி, நீங்கள் பேசவேண்டிய சொல்லாக இல்லாமல், காதில் விழுந்தால் புரிய வேண்டிய சொல்லாக இருக்கட்டும்.

எல்லாரும் கேள்வியைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ‘தாவ் ராய்?’ என்றால் ‘எவ்வளவு?’. அதை அழகாகச் சொன்னதும், இவருக்கு நம் மொழி தெரியும் என்று நினைத்துக் கடைக்காரர் தாய் மொழியிலேயே (தாய்லாந்து மொழி) விலை சொல்வார். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். அதனால் முதலில் எண்களைப் படியுங்கள்: நுங், ஸோங், ஸாம், ஸீ, ஹா, ஹொக், ஜெத், பேத், காவ், ஸிப். இவை ஒன்று முதல் பத்து. நூறு என்பது ரோய், ஆயிரம் என்பது பன். ஐந்தும் பத்தும் சேர்ந்து நமக்கு ஐம்பது ஆவதைப் போலவே அங்கே ‘ஹா ஸிப்’ ஐம்பது. திருப்பிப் போட்டு ‘ஸிப் ஹா’ என்றால் பதினைந்து. சந்தையில் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், ‘ஸிப்’ முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். இருபது மட்டும் ‘யீ ஸிப்’ என்று வேறு மாதிரி வரும். பதினொன்று, இருபத்தொன்று போன்றவற்றில் கடைசி ஒன்று ‘நுங்’ ஆகாமல் ‘எத்’ ஆகும்.

அடுத்தது, ஆமாம்–இல்லை. தமிழருக்கு இது சுலபம். ‘இருக்கா?’ என்று கேட்டால் நாம் ‘ஆமாம்’ என்பதைவிட ‘இருக்கு’ என்றுதானே சொல்கிறோம்? தாய் மொழியும் அப்படித்தான். ‘மீ மை?’ என்றால் இருக்கிறதா. பதில் ‘மீ’ என்றால் இருக்கிறது, ‘மை மீ’ என்றால் இல்லை. ‘டாய் மை?’ என்றால் முடியுமா. ‘டாய்’ முடியும், ‘மை டாய்’ முடியாது. கேள்வியில் ‘மை’ பின்னால் வந்து குரல் மேலே ஏறும், மறுப்பில் முன்னால் வந்து குரல் இறங்கும். இந்த ஒரு அமைப்பு பிடிபட்டால் இருபது வாக்கியம் கையில் வந்த மாதிரி.

வழிக்கு மூன்று சொல்: ஸாய் (இடது), க்வா (வலது), த்ரோங் பாய் (நேரே). ‘பக்கமா, தூரமா’ என்று மட்டும் வாயால் கேட்காதீர்கள். இரண்டுமே ‘க்லை’தான். குரல் சமமாக நின்றால் தூரம், மேலிருந்து இறங்கினால் பக்கம். பழக்கமில்லாத காதுக்கு வித்தியாசம் தெரியாது. எத்தனை நிமிடம் என்று விரலைக் காட்டிக் கேட்பதே மேல்.

வணக்கத்துக்கு ‘ஸவாத்தீ’, நன்றிக்கு ‘கோப் குன்’. இவற்றின் கடைசியில் ஆண்கள் ‘க்ராப்’ என்றும் பெண்கள் ‘கா’ என்றும் சேர்க்க வேண்டும். இது மரியாதைச் சொல், நம் ‘ங்க’ மாதிரி. எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதை வைத்து இது மாறாது, பேசுபவரை வைத்துத்தான். வீட்டுக்காரர் சொல்லித் தருவதை அப்படியே பிடித்துக்கொண்டு பெண்களும் ‘க்ராப்’ சொல்லிவிடுவது வழக்கமான தவறு. குடும்பத்தில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று முதலிலேயே பிரித்துச் சொல்லிக்கொடுங்கள்.

நம் காதுக்கு ஏற்கெனவே பழகிய சொற்களும் அங்கே உண்டு. நேரத்துக்கு ‘வேலா’ (நம் வேளை), உணவுக்கு ‘ஆஹான்’ (ஆகாரம்), மொழிக்கு ‘பாஸா’ (பாஷை). காஞ்சனபுரி என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் கடைசியில் வரும் ‘புரி’யும் நம் தர்மபுரியின் ‘புரி’யும் ஒரே சொல்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. பாங்காக்கில் ‘நோ மீட்’ என்று சொன்னால் போதுமா? (வாசகர், ஓசூர்)

போதாது. பல கடைகளில் ‘மீட்’ என்றால் மாடு, பன்றி என்றே எடுத்துக்கொள்வார்கள், கோழியோ மீனோ தட்டில் வந்துவிடும். தாய் மொழியில் இறைச்சிக்கான ‘நுவா’ என்ற சொல்லும் பேச்சில் பெரும்பாலும் மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். ஆகவே எது வேண்டாம் என்பதைவிட, நான் இன்ன முறை உண்பவன் என்று சொல்வதே வழி.

அதற்கு இரண்டு சொல் இருக்கின்றன. ஒன்று ‘மாங்ஸவிராத்’. மாம்சமும் விரதியும் சேர்ந்த வடசொல் இது, புலால் தவிர்ப்பவர் என்று பொருள். ஆனால் இந்தச் சாப்பாட்டில் முட்டை இருக்கலாம், மீன் சாறும் நழுவி வந்துவிடும். இன்னொன்று ‘ஜே’. சீன பௌத்த வழக்கத்திலிருந்து வந்த கட்டுப்பாடு. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. உங்களுக்கு வேண்டியது இதுதான். ஆண்கள் ‘போம் கின் ஜே க்ராப்’ என்றும், பெண்கள் ‘சான் கின் ஜே கா’ என்றும் சொல்லுங்கள். ‘நான் ஜே உண்பவன்’ என்று அர்த்தம். ஜே கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும். அந்த எழுத்து நம் கண்ணுக்கு 17 என்ற எண்ணைப் போலத் தெரியும். தெருவில் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க அதுதான் அடையாளம். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் ஜே விழா வரும். அந்த நாட்களில் புக்கெட்டிலும் பாங்காக்கின் சீனர் பகுதியிலும் எங்கு பார்த்தாலும் இந்தக் கொடி பறக்கும்.

ஜே கடை அகப்படாமல் சாதாரணக் கடையில் சாப்பிட நேர்ந்தால், காய்கறி வறுவலில் மறைந்து வரும் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘நம் ப்லா’ மீன் சாறு. ‘கபி’ இறால் விழுது. ‘நம் மன் ஹோய்’ சிப்பிச் சாறு, கீரை வதக்கலில் இது கட்டாயம் விழும். பப்பாளிக்காய் சாலட் பார்க்கப் பச்சைக் காய்தான், ஆனால் உலர்ந்த இறாலும் மீன் சாறும் போட்டே இடிப்பார்கள். ‘மை ஸை நம் ப்லா’ என்றால் மீன் சாறு போடாதீர்கள். குடிக்கிற வெறுந்தண்ணீருக்கு ‘நாம் ப்லாவ்’ என்று பெயர். கடைசி ஒலியை விழுங்கிவிட்டால் தண்ணீர் கேட்ட வாயில் மீன் சாறு கேட்டதாகிவிடும், ‘வ்’ ஒலியை நன்றாக இழுத்து முடியுங்கள்.

இன்னும் நுணுக்கமானது கோழியும் முட்டையும். கோழிக்கு ‘கை’. முட்டைக்கும் தமிழில் எழுதினால் ‘கை’தான், ஆனால் அங்கே க-வோடு மூச்சும் சேர்ந்து வெளியே வரும், ‘க்ஹை’ என்பது போல. இரண்டுக்கும் குரல் ஏற்றத்தாழ்வுகூட ஒன்றே, மூச்சு மட்டுமே வேறுபாடு. தமிழ் எழுத்தில் இதற்கு இடமில்லாததால் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் திணறுவார்கள். ஓசூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. கன்னடம், தெலுங்கு எழுதப் படித்தவர்களுக்கு ககர வரிசையின் இரண்டாவது எழுத்து தெரியும். முட்டைக்கு அந்த எழுத்து, கோழிக்கு முதல் எழுத்து. தெரியாதவர்கள் வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். ‘கை’ சொல்லும்போது காகிதம் அசையக்கூடாது, ‘க்ஹை’ சொல்லும்போது படபடக்க வேண்டும். பத்து நிமிடப் பயிற்சியில் வந்துவிடும். ‘மை ஸை க்ஹை’ என்றால் முட்டை போடாதீர்கள்.

இத்தனையும் பழகினாலும், விடுதி வரவேற்பில் இருப்பவரிடம் ‘ஜே, முட்டை வேண்டாம், மீன் சாறு வேண்டாம், இறால் விழுது வேண்டாம், சிப்பிச் சாறு வேண்டாம்’ என்பதைத் தாய் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் படமெடுத்துக் குடும்பத்தில் எல்லார் போனிலும் வைத்துவிடுங்கள். சத்தமான கடையில் வாய்ச்சொல்லைவிடச் சீட்டுதான் சமையல்காரர் கைக்குப் போய்ச் சேரும்.

கேள்வி: மலேசியாவில் தமிழே போதும் என்கிறார்கள். உண்மையா? (வாசகர், காவேரிப்பட்டணம்)

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ், பினாங்கு, கிள்ளான் போன்ற இடங்களில் தமிழில் பேசியே வாங்கலாம், சாப்பிடலாம். ஆனால் ரயில் நிலையம், கவுன்ட்டர், அறிவிப்புப் பலகை எல்லாம் மலாய். அதுவும் ஆங்கில எழுத்தில் இருப்பதால் படிக்க முடியும், பொருள் புரியாது. கதவில் ‘தாரிக்’ என்றால் இழு, ‘தோலாக்’ என்றால் தள்ளு. ‘மாசுக்’ உள்ளே, ‘கெலுவார்’ வெளியே. ‘தன்டாஸ்’ கழிப்பறை, ‘லெலாக்கி’ ஆண்கள், ‘பெரெம்புவான்’ அல்லது ‘வனித்தா’ பெண்கள். ‘டிலாராங்’ என்று தொடங்கும் பலகை எதையோ தடுக்கிறது, அடுத்த சொல் புரியாவிட்டாலும் நின்றுவிடுங்கள். ‘பஹாயா’ அபாயம். தண்ணீரை ‘ஆயர்’ என்பார்கள், அதன் எழுத்துக்கூட்டு ஆங்கிலத்தில் காற்றுக்கு எழுதுவது போலவே இருக்கும். குளிர்பதனப் பெட்டி என்று நினைத்துக் கடந்துபோய்விடாதீர்கள்.

அனுமதிச் சீட்டு கவுன்ட்டரில் ‘வர்காநெகாரா’ என்ற வரிசை குடிமக்களுக்கு. ‘புக்கான் வர்காநெகாரா’ என்பது குடிமக்கள் அல்லாதவர்களுக்கு, அதுதான் நம் வரிசை. ‘டேவாசா’ பெரியவர், ‘கானாக்-கானாக்’ குழந்தை. ‘பெர்ச்சுமா’ என்று போட்டிருந்தால் இலவசம். பாலிக்குப் போனால் இதே சொல்லுக்கு ‘வீண்’ என்று அர்த்தம், அங்கே இலவசத்துக்கு ‘கிராத்திஸ்’. முடியும் என்பதற்கு மலேசியாவில் ‘போலே’, இந்தோனேசியாவில் ‘பிசா’. மலேசியாவில் ‘பிசா’ என்றால் விஷம்.

தமிழிலிருந்து போய் மலாயில் குடியேறிய சொற்களும் நிறைய. கடை அங்கே ‘கெடாய்’, கப்பல் ‘காப்பால்’, பெட்டி ‘பெத்தி’, கட்டில் ‘காத்தில்’, வியாபாரத்துக்குப் போடும் முதல் ‘மோடால்’. உங்கள் ஊருக்கு உரிய மாங்காய் ‘மாங்கா’ ஆகவும் மாம்பழம் ‘மெம்பெலாம்’ ஆகவும் இருக்கின்றன. ‘கோலாம்’ என்று பலகை பார்த்தால் வாசல் கோலத்தைத் தேடாதீர்கள், அது குளம். ‘கோலாம் ரெனாங்’ நீச்சல் குளம்.

டீ சொல்வது தனிக் கலை. ‘தே’ என்றால் கெட்டிப்பால் ஊற்றிய இனிப்பு டீ. ‘தே ஓ’ பாலில்லாத சர்க்கரை டீ. ‘தே ஓ கொசோங்’ பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ‘கொசோங்’ என்றால் வெறுமை, பூஜ்யம். ‘கூராங் மானிஸ்’ இனிப்பு குறைவாக. ‘தே தாரிக்’ இழுத்து ஆற்றிய டீ, கதவில் பார்த்த அதே ‘தாரிக்’தான். வெறுமனே ‘டீ, சர்க்கரை கம்மி’ என்று தமிழில் கேட்டால், கெட்டிப்பாலில் ஏற்கெனவே இனிப்பு இருப்பதால் நீங்கள் நினைத்த அளவு வராது. பார்சலுக்கு ‘புங்குஸ்’.

விலை கேட்க ‘பெராப்பா?’. எண்களில் ‘லீமா புலோ’ ஐம்பது, ‘லீமா பெலாஸ்’ பதினைந்து. தாய் மொழியில் சொன்ன அதே சிக்கல் இங்கேயும் உண்டு. ‘அடா?’ என்றால் இருக்கிறதா, பதில் ‘அடா’ அல்லது ‘தாக் அடா’. சைவர்கள் ‘சாயுர்’ என்றால் காய்கறி என்று நம்பி வாங்கிவிட வேண்டாம். ‘பெலாச்சான்’ என்ற இறால் விழுதும் ‘ஈக்கான் பிலிஸ்’ என்ற நெத்திலியும் அதில் சேர்வது சாதாரணம்.

கேள்வி: மொழிபெயர்ப்பு ஆப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? (கல்லூரி மாணவர், ஊத்தங்கரை)

ஆப் கட்டாயம் வேண்டும், பலகைகளைக் கேமராவில் படிக்க அதைப்போல உதவி வேறில்லை. கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் அந்த மொழியையும் தமிழையும் ஆங்கிலத்தையும் ஆஃப்லைனுக்கு இறக்கி, விமானப் பயன்முறையில் போட்டு ஒருமுறை சோதியுங்கள். தட்டும்போது பேச்சு வழக்கை விட்டுவிடுங்கள். ‘காரம் போடாம ஒரு பிளேட் குடுங்க’ என்பதைவிட ‘எனக்குக் காரம் இல்லாத ஒரு உணவு வேண்டும்’ என்பது சரியாகப் போகும். யாருக்கு, எது, எத்தனை என்று மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். வந்த மொழிபெயர்ப்பைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்து, பொருள் மாறாமல் இருந்தால் மட்டும் காட்டுங்கள். ஓடும் ஆட்டோவில், கூட்டத்தில், மழையில் போனை எடுக்க முடியாத நேரத்துக்குத்தான் அந்த இருபது சொல்.

கேள்வி: வருகைப் படிவத்தில் ‘சர்நேம்’ கேட்கிறார்கள். எங்களுக்கு இனிஷியல்தான். அதிகாரி கேள்வி கேட்டால் என்ன சொல்வது? (வாசகி, அரூர்)

பாஸ்போர்ட்டில் சர்நேம் வரியில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் சர்நேம், கிவன் நேம் வரியில் இருப்பதுதான் கிவன் நேம். ஆதாரில், ரேஷன் கார்டில் எப்படி இருந்தாலும் அது கணக்கில்லை. இனிஷியலை நீங்களாக விரித்து எழுதவும் கூடாது. சர்நேம் வரி காலியாக இருந்தால், டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி நிரப்புங்கள். டிக்கெட் ஒரு மாதிரியும் படிவம் வேறு மாதிரியும் இருந்தால்தான் தொல்லை. துபாய் போகிறவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பணம் கட்டும் முன் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அது பொருந்துமா என்று பார்த்துவிடுங்கள்.

‘பிளேஸ் ஆஃப் இஷ்யூ’ என்பது நீங்கள் விண்ணப்பித்த ஊர் அல்ல, பாஸ்போர்ட்டில் அச்சிட்டுள்ள ஊர். ‘எம்பார்க்கேஷன்’ என்றால் விமானம் ஏறிய ஊர். நம் பக்கத்தவர்க்கு அது பெரும்பாலும் பெங்களூரு. அரூர் என்று எழுதக்கூடாது. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுக்கும் இப்போது வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். மூன்றும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல, வெளியே வந்துவிடுங்கள்.

அதிகாரி பொதுவாகக் கேட்பது நான்கு: எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் டிக்கெட் எங்கே. முதல் கேள்விக்கு ‘ஹாலிடே’ என்ற ஒரே சொல். கடை, மண்டி வைத்திருப்பவர்கள் இங்கே தவறுகிறார்கள். கேள்வி காதில் சரியாக விழாமல், தொழிலைக் கேட்கிறார் என்று நினைத்து ‘பிசினஸ்’ என்று சொல்லிவிடுவார்கள். அதிகாரி அதை வந்த காரணமாக எடுத்துக்கொண்டு, அதற்கான விசா எங்கே என்பார். தொழிலைக் கேட்டால் ‘ஷாப் இன் இந்தியா’ என்று ‘இந்தியா’வைச் சேர்த்தே சொல்லுங்கள். விடுதியின் பெயரையும் முகவரியையும் தாளில் வைத்திருங்கள், போன் சார்ஜ் தீர்ந்தாலும் அது பேசும்.

கேள்வி: இலங்கைக்குப் போக மொழிப் பிரச்சினை இருக்காதல்லவா? (வாசகர், பென்னாகரம்)

பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். ஆனால் தமிழே சில இடங்களில் வேறு பொருள் தரும். நம் ஊரில் ‘கறி’ என்றால் ஆட்டுக்கறி, கோழிக்கறி. அங்கே பருப்புக்கும் கறி, பூசணிக்கும் கறி. காய்கறிக்கு ‘மரக்கறி’ என்பார்கள், ‘மரக்கறிச் சாப்பாடு’ சைவச் சாப்பாடு. ‘கறி வேண்டாம்’ என்று சொன்னால் வெறும் சோறு வந்தாலும் வரலாம். ‘பாண்’ ரொட்டி, ‘வெதுப்பகம்’ பேக்கரி, ‘தேத்தண்ணி’ டீ, ‘பிளேன் டீ’ பாலில்லாத டீ. தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல் இரண்டிலும் ‘மாசி’ என்ற உலர்ந்த மீன் சேர்ப்பது வழக்கம். ‘மாசி போடாததா?’ என்று கேட்டு வாங்குங்கள்.

கண்டி, காலிப் பக்கம் சிங்களம் நான்கு சொல் உதவும். ‘கீயத?’ எவ்வளவு, ‘எபா’ வேண்டாம், ‘வம’ இடது, ‘தகுண’ வலது. ‘தியெனவாத?’ என்றால் இருக்கிறதா, பதில் ‘தியெனவா’ அல்லது ‘நே’.

கேள்வி: சுற்றுலாப் பயணியை அந்தந்த ஊரில் எப்படிச் சொல்வார்கள்? (ஆசிரியர், மொரப்பூர்)

மலாயில் ‘பெலாஞ்சோங்’, தாய் மொழியில் ‘நக் தோங் தியாவ்’, சிங்களத்தில் ‘சஞ்சாரக’. வியட்நாமில் ‘காக் சு லிக்’ போல ஒலிக்கும், அதில் ‘காக்’ என்றால் விருந்தாளி. தாய்லாந்தில் இந்தியர்களைக் குறிக்கும் ‘கேக்’ என்ற சொல்லுக்கும் விருந்தாளி என்றே பொருள். ‘ஃபராங்’ என்பது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. அழைத்துப் போகிறோம். அவசரத்துக்கு என்ன சொற்கள் வேண்டும்? (வாசகி, தேன்கனிக்கோட்டை)

சர்க்கரை நோய்க்குத் தாய் மொழியில் ‘பாவ் வான்’, மலாயில் ‘கென்சிங் மானிஸ்’. நெஞ்சு வலிக்கு ‘ஜெப் நா ஓக்’, மலாயில் ‘சாக்கிட் டாடா’. மருத்துவமனை தாய்லாந்தில் ‘ரோங் பயாபான்’, மலேசியாவில் ‘ஹொஸ்பிட்டல்’ என்றே சொல்லலாம். மருந்துக்கு ஒவ்வாமை இருந்தால் தாய் மொழியில் ‘பே’ என்று சொல்லி மருந்தின் பெயரைச் சேர்க்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் வாயால் நம்பாமல் எழுதிக் காட்டுங்கள்.

மருந்துச் சீட்டில் பிராண்டுப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனால் அங்கே பயன்படாது, அதே பிராண்டு இருக்காது. மருந்தின் மூலப் பெயர், மில்லிகிராம், வேளைக்கு எத்தனை என்று ஆங்கிலத்தில் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ஒரு பிரதி அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும், ஏற்றிவிட்ட பெட்டியில் வேண்டாம்.

ஆம்புலன்ஸுக்கு தாய்லாந்தில் 1669, சுற்றுலாப் போலீஸ் 1155. மலேசியாவில் எல்லாவற்றுக்கும் 999. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் 995, போலீஸ் 999. இலங்கையில் ஆம்புலன்ஸ் 1990, போலீஸ் 119. வியட்நாமில் ஆம்புலன்ஸ் 115, போலீஸ் 113. நீங்கள் போகும் நாட்டின் எண்ணை அம்மாவின் கைப்பைச் சீட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழே விடுதிப் பெயரை அந்த நாட்டு எழுத்திலும் எழுதி வாங்கி வையுங்கள். கூட்டத்தில் தனியாகிவிட்டால் அவர் யாரிடமும் பேசவேண்டியதில்லை, சீட்டை நீட்டினால் போதும்.